அதிபர் மாறினால் எச்-1பி காரர்களும் கம்பெனிகளும் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் ஆட்சி மாறியதும் வாட்ஸ்அப்பில் முதலில் வருவது வதந்திதான். எது ராத்திரியோடு ராத்திரியாக மாறும், எது மாற வருஷக்கணக்கில் ஆகும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

வருஷத்துக்கு 65,000, அங்கே முதுநிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்ற எச்-1பி வேலை விசாக் கணக்கு சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஓட்டுப் போடாமல் அதை அதிபர் தொட முடியாது. விதிமுறைகள் என்றால் பொதுவாக வரைவு, கருத்துக் கேட்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எச்-1பி காரரின் கணவன் அல்லது மனைவி வேலை பார்க்க 2015-ல் வந்த எச்-4 வேலை அனுமதியை ரத்து செய்யப்போகிறோம் என்று டிரம்ப்பின் முதல் ஆட்சி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நடக்கவில்லை. அந்த வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனு போட்டவர்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த 540 நாள் நீட்டிப்பையோ, 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு ஒரே அடியாக எடுத்துவிட்டார்கள். அதனால் எந்தப் புதுப்பித்தலாக இருந்தாலும் காலாவதிக்கு ஆறு மாதம் முன்னாடியே, மனு வாங்க ஆரம்பிக்கும் முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

ஒரே கையெழுத்தில் வருவது அதிபரின் பிரகடனம். அது முதலில் அடிப்பது நாட்டுக்கு வெளியே இருப்பவர்களைத்தான். 2020 ஜூனில் அப்படித்தான் ஊருக்கு வந்த பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, புது மனுவுக்கு 1,00,000 டாலர் என்ற அறிவிப்பு வந்தபோது என் நண்பன் தங்கை வளைகாப்புக்காக மதுரையில் இருந்தான். நம் நேரப்படி ஞாயிறு காலை 9:31-க்குள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும் என்று கம்பெனி மெயில், கையில் ஒரு நாள்தான், சென்னைக்குக் கார் பிடித்து விமானம் ஏறினாலும் போய்ச் சேர முடியாது, பந்தியில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்தவன் அப்புறம் இலைப் பக்கமே வரவில்லை. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று வெள்ளை மாளிகை சனிக்கிழமைதான் விளக்கம் சொன்னது. எனவே புது ஆட்சி பதவியேற்கும் வாரங்களில் தவிர்க்க முடியாத காரணம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள். பாஸ்போர்ட்டில் விசா குத்தும் ஸ்டாம்பிங்குக்காகவே போவதென்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

சரி, இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். அமெரிக்க எல்லைச் சோதனைத் துறையான சிபிபியின் தளத்தில் உங்கள் ஐ-94-ஐ, அதாவது எதுவரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவை இறக்கி, அதில் உள்ள கடைசித் தேதியை மனு ஒப்புதல் கடிதமான ஐ-797-ல் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால் விமான நிலையத்தில் அந்தத் தேதி வரைக்கும்தான் கொடுப்பார்கள், நீங்களோ ஐ-797-ஐ நம்பி இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கடைசியாகக் கிடைத்த ஐ-94-ல் உள்ள தேதிதான் கணக்கு. ஐ-797 நகல், சம்பளச் சீட்டுகள், வருஷச் சம்பள-வரிச் சான்றான டபிள்யூ-2 எல்லாம் கம்பெனி லாப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது. வேலை போனால் அங்கே இருக்க அதிகபட்சம் 60 நாள், ஐ-94 அதற்கு முன்னே முடிந்தால் அதுவரைதான்.

ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் சொல்கிறேன். கெடுபிடி கூடும்போது அதிகாரிகள் முதலில் கேட்பது, ஊழியருக்கு வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று சரிபார்த்து நிரப்பும் ஐ-9 படிவங்களைத்தான், பொதுவாக மூன்று வேலை நாள்தான் அவகாசம். வேலையை விட்டுப் போனவருடைய படிவத்தையும் சேர்ந்த நாளிலிருந்து 3 வருஷம், விலகிய நாளிலிருந்து 1 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். பயத்தில் வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும் கூடுதல் ஆவணம் கேட்காதீர்கள், அது பாகுபாடு, தனி வழக்காகிவிடும். அப்புறம், உங்கள் எச்-1பி ஊழியர் வேறு ஊருக்குக் குடிபோய் அங்கிருந்தே வேலை பார்க்கிறாரா? பழைய இடத்திலிருந்து தினமும் போய்வரும் தூரத்தைத் தாண்டினால் திருத்திய மனு போட வேண்டும், அதுவும் அவர் இடம் மாறுவதற்கு முன்பே. அதிகாரி நேரில் வந்து பார்க்கும்போது மனுவில் உள்ள முகவரியில் ஆள் இல்லையென்றால் விசாவை இழப்பது அவர்தான், அதனால் இந்த வாரமே ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.