கிளென் கூல்டின் இரண்டு கோல்ட்பெர்க் பதிவுகளைக் கேட்கும் முறை

பெரம்பூரிலும் இராயபுரத்திலும் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் பலர், தேர்வுக்குரிய படைப்பின் பதிவு ஒன்றை மட்டும் கேட்டு, அதுவே அதன் வடிவம் என்று எண்ணிவிடுகிறார்கள். இசையமைத்தவர் எழுதியது எது, வாசிப்பவர் சேர்த்தது எது என்று பிரித்தறிய, ஒரே கலைஞர் ஒரே படைப்பை இருமுறை வாசித்த பதிவுகளைக் கேட்பதே சிறந்த வழி. அதற்குக் கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்டு 1955இலும் 1981இலும் பதிவு செய்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகளை விடப் பொருத்தமானவை எனக்குத் தெரிந்து இல்லை.

ஹார்ப்சிகார்டு என்னும் பழைய விசைக்கருவிக்காக எழுதப்பட்டு 1741இல் அச்சேறிய இந்தப் படைப்பில், தொடக்கத்தில் ‘ஏரியா’ என்னும் பாடல் போன்ற ஒரு பகுதியும், அதையடுத்து அதன் அடிப்படையில் வெவ்வேறாக அமைந்த 30 மாறுபாடுகளும், இறுதியில் மீண்டும் அதே ஏரியாவும் வருகின்றன. இசைக்குறிப்பு, இணைய இசைக்குறிப்பு நூலகமான ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். மாறுபாடுகள் அனைத்தும் ஏரியாவின் மேல்மெட்டின் மீதல்ல, அதன் அடிச்சுரங்களின் மீதே கட்டப்பட்டவை. அந்தக் கீழ்ச்சுரங்களே சிறிய ஒலிபெருக்கியில் முதலில் மெலிந்துபோகும். துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் இரவிலும் ஓயாத எண்ணூர் நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு, காதை முழுவதும் மூடும் ஹெட்போன் இன்றியமையாதது. அதில் கூல்டு வாசித்தபடியே முனகுவதும் கேட்கும்; அது பதிவின் பழுதல்ல, அவரது இயல்பான பழக்கம்.

முதலில் ஏரியாவின் முதல் எட்டு அளவுகளின் (பார்களின்) அடிச்சுரங்களை மட்டும் உங்கள் கீபோர்டில் வாசித்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி, பி, சி, டி, ஜி. பிறகு 1981ஆம் ஆண்டின் ஏரியாவைக் கேளுங்கள். பழைய பதிவு புகழ்பெற்றது என்பதால் அதிலிருந்து தொடங்குவதே வழக்கம் என்றாலும், அதன் வேகம் புதியவரை விரல்வேகத்தை வியப்பதோடு நிறுத்திவிடும் என்பது என் கருத்து. 32 அளவுகள் கொண்ட இதே ஏரியாவை 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர், 1981இல் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். இரண்டிலும் ஏரியாவின் எப்பகுதியையும் அவர் திரும்ப வாசிக்கவில்லை. ஆகவே இங்கே கேட்கும் நேர வேறுபாடு முழுவதும் காலப்பிரமாணத்தின் வேறுபாடே. ஒரே கீர்த்தனையை ஒரு சபையில் விரைந்தும் மற்றொரு சபையில் நிறுத்திப் பாடியும் கேட்டவர்களுக்கு, இதனால் பாட்டின் பொருளே எப்படி மாறித் தோன்றும் என்பது விளங்கும்.

ஆனால் முழுப் பதிவின் நீளத்தை இப்படி ஒப்பிடக் கூடாது. முன்னது சுமார் 38 நிமிடம், பின்னது சுமார் 51 நிமிடம். ஆயினும் 1955இல் எதையும் திரும்ப வாசிக்காத கூல்டு, 1981இல் கேனன்களிலும் வேறு சில மாறுபாடுகளிலும் முதற்பாதியைத் திரும்ப வாசிக்கிறார். ஒவ்வொரு மூன்றாவது மாறுபாடும், 27ஆவது வரை, ஒரு குரல் மற்றொன்றைப் பின்தொடரும் கேனன் என்பதால், அங்கே முதல்முறை முன்செல்லும் குரலையும் திரும்ப வரும்போது பின்தொடரும் குரலையும் கவனிக்கலாம். மைனரில் அமைந்த 25ஆவது மாறுபாட்டைத் தனியே ஒப்பிடுங்கள்: ‘பிற்காலப் பதிவு மெதுவானது’ என்ற பொதுவான பேச்சு அங்கே பொருந்தாது.

அடுத்து, மாறுபாடுகள் சேரும் இடங்களில் தாளம் போடுங்கள். 1981இல் எல்லா மாறுபாடுகளையும் ஒரே அடிப்படைத் துடிப்போடு இணைக்க வேண்டும் என்பதே கூல்டின் நோக்கம். ஒன்றின் கடைசி அளவில் தட்டத் தொடங்கிய கையை நிறுத்தாமல் அடுத்ததற்குள் நுழைந்தால், புதிய வேகம் பழையதோடு ஒரு கணக்கில் பொருந்துவதைப் பல இடங்களில் உணரலாம். 1955இன் பதிவில் இதே பயிற்சியைச் செய்தால், ஒவ்வொரு மாறுபாடும் தன்போக்கில் பாய்வது தெரியும்.

இவ்வளவும் ஆன பின்னரே 1981இன் பதிவை இடைநிறுத்தாமல் முழுவதும் கேளுங்கள். மறுநாள், ஏரியாவின் அந்த எட்டு அளவுகளை இரு வேகங்களிலும் நீங்களே வாசித்து, எந்த வேகத்தில் அடிச்சுரங்கள் உங்கள் காதில் தெளிவாக நிற்கின்றன என்று பாருங்கள்.