ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருடமா? ஆஸ்பத்திரிச் செலவுக்கான வேலையை இப்போதே தொடங்குங்கள்

எங்கள் ஃபிளாட்டில் இரண்டாம் மாடி அண்ணை ஒரு வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆனார். ஒஃபிஸில் கேக் வெட்டி, மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த புதன்கிழமை ஹேர்னியா வலி தாங்க முடியாமல் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கம்பெனி இன்சூரன்ஸ் காட்டை நீட்டினால், அது வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோயிருந்தது. "ஐயா, இது இனி வேலை செய்யாது" என்று கவுண்டரில் இருந்த பிள்ளை மூன்று தடவை சொல்லியும் அவருக்கு விளங்கவில்லையாம். விளங்கியபோது கடிகாரத்தைத்தான் முதலில் திட்டினார்.

அதற்குப் பிறகுதான் நானும் மனைவியும் எங்கள் கடதாசிகளை எடுத்து மேசையில் பரப்பினோம். அவ அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை, நான் கொழும்பு புறக்கோட்டையில் தனியார் கம்பெனிக் கணக்காளன். ஒரே வீட்டில் இருந்தாலும் எங்கள் இரண்டு பேருடைய வழியும் வேறு வேறு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டனிலும் கனடாவிலும் பிள்ளைகள் இருக்கிற எங்கள் ஆட்கள் இதில்தான் குழம்புகிறார்கள். அறுபது வயது வந்ததும் போய்ப் பதிந்துகொள்ளும்படியாக எல்லாருக்கும் பொதுவான அரசாங்க மருத்துவக் காப்புறுதி என்று ஒன்று இலங்கையில் கிடையாது. இருப்பது அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம், அது எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேலே உள்ளவை எல்லாம் நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தவை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்டு நடக்காதீர்கள், உங்கள் சம்பளத் துண்டைப் பாருங்கள்.

அரசாங்க வேலை என்றால் அந்தத் துண்டில் அக்ரஹார என்று ஒரு கழிவு இருக்கும், அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதிக்குப் பிடிப்பது. (அக்ரஹாரம் என்றதும் நமக்குக் கோயில் வீதி ஞாபகம் வரும். மனைவி ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் "இது என்ன, ஐயர்மாருக்குப் பிடிக்கிற காசா" என்று கேட்டாவாம்.) 1997 இல் வந்த இந்தத் திட்டத்தை இப்போது நடத்துவது, 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். சாதாரணத் திட்டம் தவிர வெள்ளி, தங்கம் என்று இரண்டு மேல் தட்டுகளும் உண்டு. கழிவு கூடக் கூட, கிடைக்கிற தொகையும் கூடும். நீங்கள் எந்தத் தட்டில் இருக்கிறீர்கள் என்று பலருக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. பாடசாலைக் கிளார்க்கிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் காப்புறுதி இருக்கிறது என்பதுதான் முக்கியமான விஷயம். முதலில் 2016 ஜனவரி 1 க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கு என்று தொடங்கி, அப்புறம் அதற்கு முந்தியவர்களையும் சேர்த்தார்கள். பென்ஷனில் இருந்து மாதாமாதம் ஒரு தொகை கழிப்பார்கள். அரச ஊழியரின் ஓய்வு வயது 65 ஆகிப் பிறகு 2023 இலிருந்து மறுபடி 60 ஆனதில் எங்கள் கணக்கும் ஒருமுறை குழம்பியது, ஆகவே உங்கள் கடைசி நாள் எது என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பென்ஷன் படிவங்களை அனுப்பும்போதே அக்ரஹாரவுக்கான சம்மதப் படிவமும் போனதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் பென்ஷன் வந்ததும் "அப்பாடா" என்று காசை மட்டும் எண்ணாமல் கழிவு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு விழவில்லை. எங்கோ ஒரு மேசையில் ஒரு படிவம் கோப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப மூன்று தடவை போய்வந்தோம். காசு கழிக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்திருந்தால், ஆஸ்பத்திரிப் பில்லோடு போகும்போதுதான் தெரிந்திருக்கும். பென்ஷன் பக்கத்துச் சந்தேகங்களுக்கு மாளிகாவத்தையில் ஓய்வூதியத் திணைக்களம் இருக்கிறது, 1970 க்கு அடித்தும் கேட்கலாம்.

அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பாதி மறந்துவிடும். கணவன் அல்லது மனைவி இதற்குள் வருகிறாரா, எந்த வயது வரைக்கும், வருடத்துக்கு உச்சத் தொகை எவ்வளவு, பில்லை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், ஓய்வூதியர் இறந்துவிட்டால் மற்றவருக்கு என்ன நடக்கும். கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் மனம் வராது. மனைவி கேட்டா, நான் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் பெயர். இது நமக்கென்றே உள்ள தலைவலி. தகப்பன் பெயர் முதலில், அல்லது இனிஷியல் மட்டும், அல்லது ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் "டி", இன்னொரு இடத்தில் "டிஎச்" என்று அடையாள அட்டை ஒரு விதம், பாங்க் புத்தகம் இன்னொரு விதம், ஆஸ்பத்திரி பில் மூன்றாவது விதம். க்ளெயிம் திரும்பி வர இது ஒன்றே போதும். இனிமேல் எந்த ஆஸ்பத்திரியில் பதிந்தாலும் அடையாள அட்டையைக் கொடுத்து, அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள், வாயால் பெயர் சொல்லாதீர்கள். டயக்னோசிஸ் காட்டின் (ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது என்ன வருத்தம் என்று எழுதித் தருகிற அட்டை) அசல், பில்லின் அசல், பற்றுச்சீட்டின் அசல் எல்லாம் வேண்டும். வீடு வந்ததும் போட்டோகொப்பி எடுத்து வையுங்கள், ஏனென்றால் அந்தப் பற்றுச்சீட்டுகளில் சில ஒரு வெயில் காலத்திலேயே எழுத்து மங்கி வெறும் வெள்ளைக் கடதாசி ஆகிவிடும். இன்னொன்று, அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டில் இலவசமாகத் தங்கினாலும் அக்ரஹாரவில் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கேட்கலாம். "இலவசம்தானே" என்று அந்த டயக்னோசிஸ் காட்டை எறிந்துவிடுகிறவர்கள் அதிகம்.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். தனியார் துறையில் 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தோடு குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. ஆனால் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசை ஆண் 55 இலும் பெண் 50 இலும் எடுக்கலாம் என்பதால் பலர் அந்த வயதிலேயே வேலையை விட்டுவிடுகிறார்கள். விடுகிற நாளோடு கம்பெனியின் குழுக் காப்புறுதியும் போகும், அதோடு ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதியில் உள்ள சலுகைகளும் போகும். பலருக்கு ஈடிஎஃப் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற காசு மட்டும்தான். உங்களுக்காக முதலாளி மாதம் கட்டுகிற அந்த மூன்று வீதத்துக்குப் பின்னால் மருத்துவ உதவிகளும் இருக்கின்றன. இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ், ஆஸ்பத்திரியில் தங்கிய செலவு எல்லாம் அதில் வரும். பங்களிப்பு போய்க்கொண்டிருக்கிற அங்கத்தவருக்குத்தான்.

அதனால் நான் செய்தது இதுதான். இரண்டு வருடமாகப் பேருந்து நம்பர் தெரியாமல் 100 என்று நினைத்து 101 இல் ஏறிக்கொண்டிருந்தேன், மனைவி கண்ணைக் காட்டச் சொல்லி அலுத்துவிட்டா. "ரிட்டயர் ஆகி ஆறுதலாகச் செய்வோம்" என்பதுதான் என் பதில். ஈடிஎஃப் விஷயம் தெரிந்ததும் அந்த ஆறுதலை விட்டுவிட்டு, வேலையில் இருக்கும்போதே வெண்படலத்தை எடுத்து லென்ஸ் வைத்தேன். லென்ஸின் பில்லைத் தனியாக எழுதி வாங்கினேன், கம்பெனியில் படிவத்துக்குக் கையெழுத்தும் முத்திரையும் எடுத்தேன், நாரஹேன்பிட்டவில் ஈடிஎஃப் ஒஃபிஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலையை விட்ட பிறகு அந்தக் கையெழுத்தைக் கேட்டுப் போனால் ஏச்.ஆர். பிள்ளைக்கு நம்மை யாரென்றே தெரியாது. முழங்கால், கண், ஹேர்னியா என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிற எதையும் கடைசி வருடத்தில் ஒரு டொக்டரிடம் காட்டி, செய்ய வேண்டியது என்று அவர் சொன்னால் செய்துவிடுங்கள்.

ஈபிஎஃப்பில் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்னமே எடுக்கவும் வழி உண்டு. பத்து வருடத்துக்கு மேல் பங்களித்து, கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கலாம். என்னைக் கேட்டால் உயிர் போகிற அவசரம் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். பென்ஷன் இல்லாத நமக்கு எழுபத்தைந்து வயதில் சோறு போடப்போவது அந்தக் காசுதான்.

இனி, இந்த இரண்டு வகையிலும் சேராதவர்கள். சொந்தக் கடை, ரியூஷன், தையல், வீட்டு வேலை பார்த்தவர்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் எல்லாருக்கும் பெரிய காப்புறுதி அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பிதான், ஒவ்வொரு தடவையும் டொக்டர் எழுதுகிற அந்தக் கொப்பி. அது கையில் இல்லாமல் தனியார் இடத்தில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணி, சனல் பண்ணிப் பதினைந்து வருடம் ஓடியவர்கள், வருமானம் நிற்கிற மாதத்தில்தான் பிரஷர் குளிசைக்கும் சீனிக் குளிசைக்கும் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி, கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் பெரியாஸ்பத்திரி (கொழும்பு தேசிய வைத்தியசாலை). முதலில் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் அவர்கள் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். வேலையில் இருக்கும்போதே ஒரு லீவு போட்டு இதைத் தொடங்கிவிடுங்கள்.

எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவோடு நான் போகிறது. காலை ஐந்தரைக்கே வாங்கு நிறைந்துவிடும். நம்பர் துண்டைக் கையில் இறுக்கிக்கொண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணீரோடு, யார் யாருக்கு எத்தனை சீனி என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிரஷர் பார்க்க ஒரு வரிசை, டொக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. டொக்டர் மூன்று நிமிடம் பார்ப்பார், ஆனால் பழைய கொப்பியைப் புரட்டிவிட்டுத்தான் எழுதுவார், அது சனலிங்கில் எப்போதும் கிடைக்காது. ஒரு மாத மருந்து சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் வரும், அதில் காலை எத்தனை, இரவு எத்தனை என்று பேனாவால் எழுதியிருக்கும். சில மருந்து இல்லாமலும் போகும், 2022 இல் அது எப்படி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அப்போது வெளியில் வாங்கத் துண்டு தருவார்கள். அதற்கு முதலில் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவுக்குப் போய்ப் பாருங்கள், பெரியது தர்மபால மாவத்தையில் இருக்கிறது. அறுபது தாண்டியதும் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையும் எடுத்துவிடுங்கள், வரிசைகளில் உதவும்.

முழு இலவசமும் வேண்டாம், தனியார் பில்லும் கட்டுப்படாது என்கிறவர்களுக்கு நடுவில் ஒன்று உண்டு. ஜப்பான் கட்டிக் கொடுத்து 1984 இல் திறந்த ஸ்ரீ ஜயவர்தனபுர ஆஸ்பத்திரி அரசாங்கத்துடையதுதான், ஆனால் கட்டணம் எடுக்கும். அங்கே போகிறவர்கள் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

பெரிய சத்திரசிகிச்சை என்று வந்து வருமானமும் குறைவு என்றால் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, இருதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்கு உதவுகிறது. முன்பெல்லாம் கோட்டைக்கு அலைய வேண்டும், 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெள்ளவத்தைக்கு அது திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு. திகதி கிடைத்தவுடனேயே, சத்திரசிகிச்சைக்கு முன்னமே படிவத்தைக் கொடுங்கள். எல்லாம் முடிந்து பில்லோடு போய் நிற்கிறவர்கள்தான் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள்.

தனியார் காப்புறுதி எடுப்பதா என்று கேட்பீர்கள். ஐம்பத்தெட்டில் சீனியும் பிரஷரும் உள்ள ஆளுக்கு ஏஜன்ட் சிரித்துக்கொண்டு விற்பார், ஆனால் ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்கு என்ன விலக்கு, எந்த வயதில் நிறுத்துவார்கள் என்ற இரண்டு பக்கத்தையும் உங்கள் கண்ணால் வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள். நான் வாசித்தேன், வைக்கவில்லை.

இரண்டாம் மாடி அண்ணை கடைசியில் களுபோவிலவில்தான் ஒப்பரேஷன் செய்தார், ஒரு சதம் செலவில்லை. திங்கட்கிழமை என்னோடு வந்து கிளினிக்கிலும் பதியப்போகிறார். சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார், இலவச அம்புலன்ஸுக்கு. கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது, அதை அவர் இன்னும் திருத்தவில்லை.