பொதிகை உச்சிக்கு மூன்று நாள் நடை: நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழித்துணை

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொதிகையை யாரும் காட்டித் தர வேண்டியதில்லை, காலையில் வாசலுக்கு வந்து மேற்கே திரும்பினால் அது நிற்கும். தாமிரபரணி அங்கிருந்துதான் வருகிறது என்று பேசத் தெரிந்த நாள் முதலே சொல்லித் தந்துவிடுகிறார்கள். அப்படியிருந்தும் உச்சிக்குப் போய் வந்தவர்கள் நம்மில் குறைவு. வழி நம் பக்கம் இல்லாததுதான் காரணம். முந்தைய தலைமுறையில் பாபநாசம், காரையார், பாணதீர்த்தம் வழியாக ஏறியிருக்கிறார்கள். இப்போது அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்காடு, அந்த வழியாக உச்சிக்கு ஏற விடுவதில்லை. ஆகவே மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், கேரள வனத்துறை நடத்தும் மூன்று நாள் நடையில் சேர வேண்டும். அங்கே இதன் பெயர் அகஸ்தியார்கூடம்.

உயரம் 1868 மீட்டர். கொடைக்கானல் ஊரே இதைவிட உயரத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து அசட்டையாகப் போகாதீர்கள், கொடைக்கானலுக்குப் பேருந்து ஏற்றிவிடும், இங்கே கீழ்க்காட்டிலிருந்து உச்சி வரை முழுக்க உங்கள் கால்தான்.

முதல் வேலை முன்பதிவு. வழக்கமாக மகரவிளக்கை ஒட்டித் தொடங்கி சிவராத்திரி வாக்கில் முடிகிற பருவம் இது. ஜனவரி தொடக்கத்திலேயே கேரள வனத்துறையின் இணையதளத்தைத் தினமும் பாருங்கள், திறந்த கொஞ்ச நேரத்தில் நல்ல தேதிகள் போய்விடும். கட்டணமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் போன வருஷம் போன நண்பர் சொன்னதை நம்பிப் பணத்தைக் கணக்குப் போடாமல் அந்த வருஷத்து அறிவிப்பையே படியுங்கள். அடையாள அட்டையும், உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சமீபத்தில் கொடுத்த சான்றிதழும் கட்டாயம். சான்றிதழைச் சடங்காக வாங்காதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு வலி எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். உள்ளே மயங்கி விழுந்தால் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியவர் கூட வரும் வழிகாட்டிதான்.

பெண்கள் போகலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். போகலாம். முன்பு விடாமல் இருந்தார்கள், பிறகு கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சிக்கு ஏறினார், அதற்குப் பிறகு பெண்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மைதானத்தில் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், போதும் என்பார்கள். போதாது. சமதரை நடை மூச்சைப் பழக்கும், முட்டியைப் பழக்காது. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கடையம் பக்கத்துத் தோரணமலை முருகன் கோயில், இல்லையென்றால் பண்பொழித் திருமலைக் கோயில், எது பக்கமோ அங்கே வாரம் இரண்டு தடவை படியேறி இறங்குங்கள். ஏறுவதை வேகமாகச் செய்தாலும் பரவாயில்லை, இறங்குவதை மட்டும் நிதானமாக, ஒவ்வொரு படியிலும் தொடைச் சதை பிடித்து நிறுத்துகிற மாதிரி செய்யுங்கள். கடைசி மூன்று வாரம் முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு ஏறுங்கள். இந்த மலையில் ஏறும்போது அழுதவர்களைவிட இறங்கும்போது அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

அடுத்தது செருப்பும் சப்பாத்தும். நான் முதல் தடவை போனபோது கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் புதுச் சப்பாத்து வாங்கினேன், இரண்டாம் நாள் இறக்கத்தில் இரண்டு பெருவிரல் நகமும் ரத்தம் கட்டிக் கறுத்து, ஒன்று பிறகு விழுந்தே போய்விட்டது. ஒரு மாதமாவது போட்டு நடந்த சப்பாத்தைத்தான் கொண்டுபோக வேண்டும், விரலுக்கு முன்னால் அரை விரல்கடை இடம் இருக்க வேண்டும், கிளம்புமுன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்கவும் இரவு முகாமுக்கும் லேசான ரப்பர்ச் செருப்பு ஒன்று. காலில் ஏறி ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு, உப்பைச் சின்னத் துணியில் முடிந்து கம்பு நுனியில் கட்டிக்கொண்டால் ஒற்றி எடுக்க வசதி. முந்தின நாள் மழை பெய்திருந்தால் கணுக்காலை நூறு அடிக்கு ஒரு தடவை பாருங்கள். கம்பளிச் சட்டை ஒன்று வேண்டும், நம் ஊர் மார்கழிக் குளிர் என்று நினைத்துப் போனால் இரவில் காற்று உறங்க விடாது. கருப்பட்டியும் கடலைமிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உறை இல்லாமல் டப்பாவில் போட்டு. பையைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள், பிளாஸ்டிக், மது, பூஜைப் பொருட்கள் எதற்கும் அனுமதி இல்லை.

நடை தொடங்குகிற இடம் போனக்காடு, பழைய தேயிலைத் தோட்டம். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பேருந்து. தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் காரில் போவதாக இருந்தால் தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு வழியாக விதுராவுக்குப் போகலாம். எப்படியானாலும் முந்தின நாளே போய் விதுராப் பக்கம் தங்குங்கள். இரவெல்லாம் பயணம் செய்து காலையில் நேராக நடக்கிறவர்கள் மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறார்கள்.

முதல் நாள் சுமார் 15 கிலோமீட்டர், அதிருமலை முகாம் வரை. முன்பாதி நிழலான காடு, கரமனை ஆறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று வரிசையாகத் தண்ணீர் வரும். சுகமாக இருக்கிறதே என்று இங்கே ஓடித் தீர்த்துவிடாதீர்கள். அப்புறம் புல்வெளியில் வெயில் நேராகத் தலையில் இறங்கும், அதைத் தாண்டினால் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி. நமக்குத் தேரி என்றால் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடு, அங்கே செங்குத்தான ஏற்றத்துக்கு அந்தப் பெயர். முட்டிடிச்சான் என்பதற்கு விளக்கம் வேண்டாம், நாலு அடி வைத்ததும் முட்டி நெஞ்சில் வந்து இடிக்கும். இந்த இடத்துக்கு வரும்போது ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் மிச்சம் இருக்க வேண்டும்.

வழிகாட்டிகளில் பலர் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள், தமிழ் சொன்னால் புரியும். எங்களோடு வந்த அண்ணன் ஆரம்பத்திலேயே, "பேச்சு வந்தா நட, பேச்சு நின்னா நில்லு" என்றார். கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம், மூச்சு முட்டிப் பேச்சு நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். அவர் கையை உயர்த்தினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் அப்படியே நில்லுங்கள், யானையின் வாடை அவருக்கு முதலில் தெரியும். 1987இல் இந்தக் காட்டில் ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகள், கூட வந்த காணிக்காரர்கள் ஒரு பழத்தைத் தின்றுவிட்டுச் சோராமல் நடப்பதைக் கண்டுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடியை வெளியுலகம் அறிந்தது, அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, அதன் வருமானத்தில் காணிக்காரர்களுக்கும் பங்கு வைத்தார்கள். அவர் காட்டினால் பாருங்கள், நீங்களாக எந்த இலையையும் பறிக்காதீர்கள்.

அதிருமலையைச் சுற்றி யானை வராமல் அகழி வெட்டியிருக்கிறார்கள். இரவு கஞ்சியும் பயறும் கிடைக்கும், வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கால்களை வெந்நீரில் கழுவிச் சீக்கிரம் படுங்கள். பெரிய பையை முகாமிலேயே வைத்துவிட்டு இரண்டாம் நாள் தண்ணீர், தின்பண்டம், மழைச்சட்டை மட்டும் கொண்டுபோனால் போதும். தாமதமாகக் கிளம்பினால் மேலே விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள், மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் பாறையில் கால் வைக்கிற இடம் தெரியாது.

பொங்காலப்பாறை வரை காட்டுக்குள் ஏற்றம், அதற்கு மேல் பாறை. கயிறு கட்டியிருக்கும் இடங்களில் கயிற்றில் தொங்காதீர்கள். உடம்பின் பாரம் காலில் இருக்கட்டும், கயிறு சாய்வைத் தாங்க மட்டும். ஒரு கயிற்றில் ஒரு ஆள், மேலே போனவர் குரல் கொடுத்த பிறகு அடுத்தவர். ஈரமாக இருந்தால், பயமாக இருந்தால், அங்கேயே உட்கார்ந்துவிடலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை, கூட வந்தவர்கள் வற்புறுத்தக் கூடாது.

உச்சியில் அகத்தியர் சிலை, சுற்றிலும் காற்று. 1850களில் ஜான் ஆலன் ப்ரௌன் என்ற வானியலாளர் திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவில் இந்த உச்சியில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார் என்பதை அந்தக் காற்றில் நின்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடு தென்படும். தெளிவான நாளாக இருந்தால் கிழக்கே நம் சமவெளி தெரியும். நான் அங்கே நின்று எங்கள் ஊர் எந்தத் திசை என்று விரலால் தேடிக்கொண்டே இருந்தேன், பிறந்ததிலிருந்து அங்கிருந்து பார்த்த மலையில் நின்று ஊரைப் பார்க்கிறேன் என்பதே தொண்டையை அடைத்துவிட்டது. அரை மணி நேரம் போதும், இறங்கத் தொடங்குங்கள். பாறையில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, கை கால் நாலில் மூன்று பிடி உறுதியான பிறகு நாலாவதை நகர்த்தி இறங்க வேண்டும்.

மூன்றாம் நாள் வந்த வழியே திரும்புவது. முட்டிக்கு முதலிலேயே துணியோ பட்டையோ கட்டிக்கொண்டு, கம்பை முன்னால் ஊன்றி, காலை வெயில் ஏறுமுன் புல்வெளியைத் தாண்டிவிடுங்கள். போனக்காட்டிலிருந்து பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதல் நாளே நடத்துநரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே ரயிலைப் பிடித்து மறுநாள் வேலைக்குப் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள், ஒரு நாள் விடுப்பைக் கூட்டிப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள்.