கோயில் இணையதளத்தை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா? நீங்களே சோதிக்கும் முறை

டர்பனில் உங்கள் கோயிலுக்கோ தமிழ்ச் சங்கத்துக்கோ இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? பார்வையில்லாதவர், காது கேளாதவர், கை நடுங்குபவர் அதில் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆய்வுப் பட்டம் தேவையில்லை. நாலைந்து பேரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

1. முதலில் நீங்களே பாருங்கள்

மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் மட்டும் காவடிப் பதிவுப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். அப்புறம் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை, கணினியில் நிறுவுங்கள். இலவசம்தான், 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய திட்டம் அது.

நம் தளங்களில் மூன்று இடங்களில் சிக்கல் வரும். விழா அழைப்பிதழைப் படமாக மட்டும் போட்டிருந்தால் திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எதுவுமே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள், அவற்றைத்தான் அது உளறும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். மூன்றாவது, ஆங்கிலப் பக்கத்தின் நடுவே வரும் தேவாரம். அந்தப் பகுதிக்கு மட்டும் 'இது தமிழ்' என்று எச்டிஎம்எல்லில் குறிக்காவிட்டால், ஆங்கிலக் குரல் அதைச் சிதைக்கும் அல்லது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

2. ஆட்களை அழையுங்கள்

வெவ்வேறு குறைபாடு உள்ளவர்களாக இருக்கட்டும். பயணச் செலவையும் டேட்டா செலவையும் கொடுங்கள். நேரத்துக்கும் ஏதாவது கொடுப்பதே முறை. உடல்நிலை பற்றிய தகவலுக்குத் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். குறிப்பில் பெயர் வேண்டாம்.

3. வேலையைக் கொடுங்கள், வழியைச் சொல்லாதீர்கள்

"பதிவு பட்டனை அழுத்துங்கள்" என்றால் விடையைச் சொல்லிவிட்டீர்கள். "ஆன்ட்டி, உங்கள் பேரன் காவடி எடுக்கப் பெயர் கொடுக்கணும், எப்படிச் செய்வீங்க?" என்று கேளுங்கள். அவரவர் சொந்த போனிலேயே செய்யட்டும். பழகிய குரலும் வேகமும் அதில்தான் இருக்கும்.

4. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

'மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்' என்பது இத்தகைய சோதனைகளில் வழக்கமான ஏற்பாடு. இங்கே அது அப்படியே ஒத்துவராது. திரைவாசிப்பான் பேசும்போது இவரும் பேசினால் இரண்டுமே கேட்காது. சைகைமொழியில் பேசுபவருக்குக் கைகள் இரண்டும் வேண்டும், அதே கையால்தான் போனையும் தொடவேண்டும். ஆகவே செய்து முடிக்க விடுங்கள், பிறகு "அங்கே ஏன் நின்றீர்கள்?" என்று கேளுங்கள். தென்னாப்பிரிக்கச் சைகைமொழி 2023-இல் இந்த நாட்டின் 12-ஆவது அதிகாரபூர்வ மொழியானது. மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தாலும் உங்கள் பார்வையும் பேச்சும் பங்கேற்பவரை நோக்கியே இருக்கட்டும்.

அவர் தடுமாறும்போது உதவக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தானே கூப்பிட்டோம்!

5. திருத்துங்கள்

வேலையை முடிக்கவே விடாத தடைகள் முதலில். நிறம் போன்றவை அப்புறம். ஆனால் நிறத்தை விட்டுவிடாதீர்கள். இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜியின் 2.2 பதிப்பு 2023-இல் வந்தது; அதன்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும். கோயில் தளங்களுக்குப் பிடித்தமான பளிச்சென்ற மஞ்சளில் பளிச்சென்ற சிவப்புக்குச் சுமார் 3.7 தான் கிடைக்கும். சிவப்பை அடர்ந்த அரக்கு நிறமாக்கினால் தாராளமாகத் தேறிவிடும், மங்களமும் குறையாது.

திருத்தியதும் வந்தவர்களில் ஒருவரையாவது திரும்பக் கூப்பிட்டு, அதே பதிவை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.