காப்பீட்டு மனு: கலெக்டருக்கா, சென்னைக்கா?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை என்றால் ராமநாதபுரம் குறைதீர் கூட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள் விடியவே வந்துவிடுவார்கள். "இன்சூரன்ஸ்காரன் இழுத்தடிக்கிறான், கலெக்டருக்கு ஒண்ணு எழுதுங்கண்ணே" என்பார்கள். பேனாவைத் திறக்குமுன் நான் கேட்பது: பிரீமியம் யார் கட்டினது?

முழுசும் நீங்களே கட்டினதென்றால் (படகு, பைக், மெடிக்கல், ஆயுள் எதுவானாலும்) கலெக்டர் கம்பெனிக்கு ஒரு கடிதம் போடலாம், அவ்வளவுதான். 'பணத்தைக் கொடு' என்று உத்தரவிட அவருக்கு அதிகாரமில்லை. அரசியல் சாசனத்தில் இன்சூரன்ஸ் மத்தியப் பட்டியலின் 47ஆம் இனம், அதாவது மத்திய அரசின் விஷயம். கம்பெனிகளின் குடுமி ஐதராபாத்திலுள்ள காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கையில். (அமெரிக்காவில் தலைகீழ். 1945ஆம் வருஷத்து மெக்காரன்-பெர்குசன் சட்டப்படி அங்கே மாநிலங்களுக்குத்தான் பிடி. அங்கிருக்கும் மாப்பிள்ளை சொல்கிற யோசனை இங்கே செல்லாது.)

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் பதிவுத் தபால். மறுத்துவிட்டாலோ, ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரை விசாரிப்பார். மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். சென்னைக்கு அலைய முடியாதவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; அங்கே இரண்டு வருஷம் வரை கெடு. குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அங்கே வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே மனுவைத் தொடமாட்டார். அதனால் சென்னையை முதலில் பாருங்கள் என்பேன்.

பயிர்க் காப்பீட்டுக் கதை வேறு. சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசாங்கங்களின் பணம். எந்தப் பயிர், எந்த ஊர் என்று அறிவிப்பதும், அறுவடைப் பரிசோதனை நடத்தி மகசூல் கணக்கெடுப்பதும் மாநிலம். 'எங்க ஊர் கணக்கு தப்பு' என்றால் வேளாண் உதவி இயக்குநர், அடுத்து கலெக்டர். இங்கே திங்கட்கிழமை மனு பேசும்.

மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் நீங்கள் ஒரு பைசா கட்டுவதில்லை. இறப்புக்கு 5 லட்சம். மீன்வளத்துறை அலுவலகத்தில் தொடங்குங்கள். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டுக்கும் நகல் எடுத்துக்கொண்டு, மனு கொடுத்ததற்கு முத்திரை வைத்த ரசீது வாங்கிய பிறகே படியிறங்குங்கள்.