‘செவன் சாமுராய்’ படத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்கு

ஜப்பானின் பழங்கால வாள்வீரர்களான சாமுராய்களைப் பற்றிய படங்களை எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, அகிரா குரோசவா இயக்கி 1954இல் வெளிவந்த ‘செவன் சாமுராய்’ படத்தையே நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதன் முழு நீளம் 207 நிமிடங்கள். வெட்டிச் சுருக்கிய பதிப்புகளும் வெளிநாடுகளில் ஓடியிருப்பதால், கால அளவைச் சரிபார்த்த பிறகு தொடங்குங்கள். இடைவேளை படத்திலேயே இருக்கிறது. ஒரே அமர்வில் பார்க்க இயலாதவர்கள் அங்கே நிறுத்தி மறுநாள் தொடரலாம், வேறெங்கும் துண்டிக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படமான இதன் சட்டகம் இன்றைய அகலத் திரையைவிடக் குறுகியது என்பதால், இரு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று தொலைக்காட்சியில் படத்தை இழுத்து நிரப்பிவிடாதீர்கள்.

கதை நடப்பது 1580களில், நீண்ட உள்நாட்டுப் போர்களின் கடைசிக் கட்டத்தில். தலைவனை இழந்து வேலையின்றி அலையும் சாமுராய்கள் ரோனின் எனப்பட்டார்கள். உழவர்களின் ஆயுதங்களைப் பறிக்க, அப்போது ஜப்பானை ஆண்ட டொயோடோமி ஹிதெயோஷி 1588இல் ஆணையிட்டார். படம் அதற்குச் சற்று முந்தைய காலத்தைக் காட்டுகிறது. இந்த அளவு வரலாறு தெரிந்திருந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரத்தில் போர் எதுவும் வராது. பலர் பொறுமை இழப்பது இங்கேதான். ஆனால் படத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. வாள்களைவிடச் சோற்றைக் கவனியுங்கள். கொள்ளையரிடமிருந்து தங்களைக் காக்க ஆள் தேடி நகரத்துக்கு வரும் கிராமத்தார், சாமுராய்களுக்குக் கூலியாகத் தர முடிவது அரிசிச் சோறு மட்டுமே. அதற்காக அவர்கள் குதிரைவாலியை உண்டு வாழ்கிறார்கள். அதுவரை அவர்களை ஏளனம் செய்துவந்த கூலியாள் ஒருவன், அந்தச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்து, தகாஷி ஷிமுரா நடித்த முதிய வீரர் கம்பேயின் முன் நீட்டி, இந்த மனிதர்கள் எதை உண்கிறார்கள் தெரியுமா என்று கேட்கும் காட்சியில் கம்பேயின் முகத்தைப் பாருங்கள். அந்தக் கிண்ணத்தை அவர் வாங்கிக்கொள்ளும் விதத்தில் முழுக் கதையும் முடிவாகிவிடுகிறது.

இதற்கு இணையான இன்னொரு காட்சி, ஊரார் ஒளித்துவைத்திருந்த கவசங்களை, எழுவரில் ஒருவராகத் தொஷிரோ மிஃபுனே நடித்த கிகுசியோ கண்டெடுத்துக் கொண்டுவருவது. அவை தோற்றோடிய சாமுராய்களைக் கொன்று பறித்தவை என்பதால் மற்றவர்கள் கொதிக்கிறார்கள். அப்போது கிகுசியோ, உழவர்கள் கஞ்சர்கள், கோழைகள், கொலைகாரர்கள்தான், ஆனால் அவர்களை அப்படி ஆக்கியது யார் என்று வெடிக்கிறார். வீரர்களைப் போற்றுவதற்கென்றே எடுத்த படமாக இருந்திருந்தால், இப்படியொரு குற்றச்சாட்டுக்கு அதில் இடமிருந்திருக்காது. ஆகவே இந்த வசனத்தின்போது மட்டுமாவது கைப்பேசியைத் தொலைவில் வையுங்கள்.

போர்க் காட்சிகள் குழப்பாமலிருக்க, கம்பே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்கும்போது நீங்களும் அவருடன் நடக்க வேண்டும்: எந்தப் பக்கம் வேலி, எந்த வயலில் நீர் பாய்ச்சப்போகிறார்கள், எந்த வழியை வேண்டுமென்றே திறந்துவிடுகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பல கேமராக்களை ஒருசேர ஓடவிட்டுக் குரோசவா படமாக்கிய அந்த இறுதி மழைப் போரிலும் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். கொள்ளையரிடம் இருப்பவை மூன்று துப்பாக்கிகள். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் விழுவது யார் என்று பாருங்கள். வாள் திறமைக்கு அங்கே என்ன மதிப்பு என்று புரியும்.

அடுத்து, மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) படத்தைப் பாருங்கள்.