கைக்கு வராத பட்ஜியைப் பழக்குவது எப்படி?

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் பட்ஜியைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் கூட்டம் கூட்டமாகத் திரியும் சின்னக் கிளி, 30 முதல் 40 கிராம்தான் இருக்கும். அங்கே வல்லூறு மேலிருந்து பாய்ந்துதான் இதைத் தூக்கும். கூண்டுக்குள் மேலிருந்து இறங்கும் நம் கையும் அதற்கு அப்படித்தான் தெரிகிறது. போதாக்குறைக்கு, கடையில் ஒரு கை அதை அமுக்கிப் பிடித்து அட்டைப்பெட்டிக்குள் போட்டிருக்கும்.

என் பச்சை பட்ஜி வீட்டுக்கு வந்த அன்றே, துணியால் பிடித்து விரலில் உட்கார வைத்தால் சீக்கிரம் பழகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே செய்தேன். அதன் பிறகு மூன்று வாரம், நான் தண்ணீர் மாற்றப் போனாலே கம்பியில் மோதிக்கொண்டது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். கை பறவையைத் தேடிப் போகக் கூடாது, பறவைதான் கையைத் தேடி வர வேண்டும். கீழே உள்ள எல்லாம் அதற்கான வழிதான்.

முதல் நான்கைந்து நாள்: தொடவே வேண்டாம்

கூண்டின் ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும், நம் நெஞ்சு உயரத்தில். நாலு பக்கமும் திறந்திருந்தால் அது எந்நேரமும் பதற்றமாகவே இருக்கும். சமையலறையில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை, பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும்.

இந்த நாட்களில் தீனியும் தண்ணீரும் மட்டும் மாற்றுங்கள். தீனிக் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தெரிந்தால் நம்பாதீர்கள், ஒரு தடவை ஊதிப் பாருங்கள். பட்ஜி தினையை உரித்து, உமியை அதே கிண்ணத்தில் போட்டுவிடும். மேலே இருப்பது வெறும் உமியாக இருக்கும். புதிதாக வளர்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் பறவையைப் பட்டினி போட்டுவிடுகிறார்கள்.

அதன் உடம்பைப் படியுங்கள்

இதைக் கற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பயந்த பட்ஜி இறகை உடம்போடு ஒட்டி, நெட்டையாக, மெலிந்து நிற்கும். நிம்மதியான பட்ஜி இறகைத் தளர்த்தி, ஒரு காலை மடக்கி, தூக்கம் வரும்போது அலகைக் கறகறவென்று அரைக்கும். அசையாமல் இருப்பது எல்லாமே அமைதி அல்ல. கையைக் கண்டு உறைந்து நிற்பதும் பயம்தான். பகல் முழுக்க உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் அது நோய், அன்றே பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் வாரம்: குரல், பிறகு கை

கூண்டுக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்து பேசுங்கள். பேச ஒன்றும் இல்லையென்றால் செய்தித்தாளை வாசியுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் போதும். அது உங்கள் முன்னால் தீனி தின்னத் தொடங்கியதும், கையைக் கூண்டின் வெளிப்பக்கம் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். விரலை ஆட்டாதீர்கள். அது மெலிந்து நிற்க ஆரம்பித்தால் கையை மெதுவாக எடுத்து, மறுநாள் சற்றுத் தள்ளி வையுங்கள். உள்ளே கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் தெரியும் பிம்பத்தையே துணையாக நினைத்து உங்களை மதிக்காது.

தினைக்கதிர்

வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடி விரட்டியதும் கிளிகளைத்தான். அந்தத் தினையை வைத்தே நாம் கிளியைக் கூப்பிடப் போகிறோம். பறவைத் தீனி விற்கும் கடைகளில் முழுக் கதிராகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் நீளமான கரண்டியில் தினை, அல்லது ஒரு கொத்து மல்லித்தழை. இனிமேல் கதிர் உங்கள் கையிலிருந்து மட்டும்தான் வர வேண்டும், கிண்ணத்தில் போடாதீர்கள். வழக்கமான தீனி எப்போதும் போல இருக்கட்டும். பட்டினி போட்டுப் பழக்குவது கொடுமை, இவ்வளவு சின்ன உயிர் அதைத் தாங்காது.

முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள். அப்புறம் கதவு வழியாக, கதிரின் நுனி மட்டும் அதன் பக்கம் இருக்கும்படி. கை பறவையின் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கட்டும், தலைக்கு மேல் போகவே கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பிடியைக் கதிரின் நுனிப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, விரலுக்கும் அலகுக்கும் உள்ள தூரத்தைக் குறையுங்கள்.

என் பறவை முதல் மணியைக் கொத்த ஒன்பது நாள் ஆனது. கழுத்தை மட்டும் நீட்டி, கால் பின்னால் ஓடத் தயாராக, ஒரு மணியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது. அன்று அதோடு நிறுத்தினேன். அது இன்னும் வேண்டும் என்று நினைக்கும்போதே நாம் முடித்துவிட வேண்டும்.

விரலில் ஏற்றுவது

ஆள்காட்டி விரலைக் குச்சி போலப் படுக்கை வசமாகக் காட்டி, கதிரை விரலுக்குப் பின்னால் பிடியுங்கள். எட்டித் தின்ன வேண்டுமென்றால் விரல் மேல் கால் வைத்தாக வேண்டும். முதலில் ஒரு கால்தான் வரும். கிளிகளுக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். அந்த நான்கும் வெதுவெதுப்பாக உங்கள் விரலைச் சுற்றிப் பிடிக்கும்போது மூச்சைக்கூட மெதுவாக விடுவீர்கள். ஏறும் நேரத்தில் ஒவ்வொரு முறையும் 'ஏறு' என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நாளடைவில் கதிர் இல்லாமலே, விரலை அடிவயிற்றில் லேசாக வைத்துச் சொன்னால் ஏறும்.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால், கடித்தால் கை போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டு மெதுவாக எடுங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள். அதன் நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு விட முடியும், இறுக்கினால் மூச்சு நின்றுவிடும்.

ஜோடியாக வளர்க்கிறவர்கள் இதற்காக அவற்றைப் பிரிக்க வேண்டாம். துணிச்சலானதை முதலில் பழக்குங்கள். அது உங்கள் கையில் தின்பதைப் பார்த்து மற்றது வரும். கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

வெளியே விடும் நாள்

கூண்டுக்குள் தயங்காமல் விரலில் ஏறிய பிறகே கதவைத் திறந்து வையுங்கள். அதற்கு முன், மின்விசிறியை நிறுத்தி, சுவிட்ச் பக்கம் யாரும் போகாதபடி வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஜன்னலை மூடுங்கள், கண்ணாடிக்குத் திரை போடுங்கள், தண்ணீர் வாளியை மூடி வையுங்கள். இதற்குப் பயந்து சிறகை வெட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பறந்து போக முடிந்தும் உங்களிடம் வருவதுதான் பழக்கம்.

அலமாரி மேல் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தால் துரத்த வேண்டாம். கூண்டுக்குள் தீனியையும் கதிரையும் அதன் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். முதல் நாள் எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பசித்ததும் தானாகவே உள்ளே போனது.